நீளக் கம்பால் ஜன்னல் துடைத்தால் தோள்பட்டை ஏன் வலிக்கிறது?

எங்கள் வீட்டுப் படிக்கட்டுச் சுவரில் நாலு மீட்டர் உயரம் வரைக்கும் கண்ணாடி. கட்டிய காலத்தில் வெளிச்சம் வரும் என்று ஆசைப்பட்டு வைத்தது. வெளிச்சமும் வருகிறது, கூடவே தூசியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், போகிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, இழுத்தால் நீளும் அலுமினியக் கம்பு ஒன்றின் நுனியில் வைப்பரை மாட்டிக்கொண்டு ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று வாசலில் இறங்கினேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. கண்ணாடி பளபளத்தது. மறுநாள் காலையில் சட்டை மாட்டக் கை மேலே போகவில்லை. யாராவது கூப்பிட்டால் கழுத்தை மட்டும் திருப்ப முடியாமல், மூன்று நாள் மொத்த உடம்பையும் சேர்த்துத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

எரிச்சலில் அந்தக் கம்பைத் தராசில் வைத்துப் பார்த்தேன். கம்பு ஒரு கிலோ, நனைந்த தலைப்பகுதி அரைக் கிலோ, மொத்தமே ஒன்றரைக் கிலோதான். சந்தைக்குப் போனால் அதைப்போல மூன்று மடங்கு காய்கறியை ஒரே கையில் தூக்கி வருகிறேன், ஒன்றும் ஆவதில்லை. இந்த ஒன்றரைக் கிலோ மட்டும் ஏன் இப்படிப் போட்டு வாங்கியது?

தொரட்டியால் முருங்கைக்காய் பறிப்பவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? பழகினவர் காய்க்கு நேர் கீழே போய் நிற்பார், தொரட்டி அநேகமாக நட்டுவைத்த மாதிரி செங்குத்தாக நிற்கும். பழகாதவர் நின்ற இடத்திலிருந்தே சாய்த்து எட்டப் பார்ப்பார், நுனி தள்ளாடும், கை நடுங்கும், காயோடு கிளையும் சேர்ந்து வரும். கம்பு ஒன்றுதான், எடையும் ஒன்றுதான். முதல் ஆளின் கம்பில் எடை நேராகக் கீழே இறங்கி உள்ளங்கையில் உட்காருகிறது. இரண்டாவது ஆளின் கம்பு சாய்ந்திருப்பதால், அது விழப் பார்க்கிறது, அதை விழாமல் இழுத்துப் பிடிக்கிற வேலை மேல்கைக்கு வருகிறது. பள்ளிக்கூடத்தில் படித்த நெம்புகோல்தான் இது, ஆனால் இங்கே நமக்கு எதிராக வேலை செய்கிற நெம்புகோல்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், ரொம்பச் சின்னக் கணக்குதான். கீழ்க்கை இடுப்பருகில், மேல்கை அதற்கு 60 செ.மீ. மேலே, கீழ்க்கையிலிருந்து நுனி வரை 3 மீட்டர், எடை நான் சொன்ன அதே ஒன்றரைக் கிலோ. கம்பு செங்குத்திலிருந்து 10 டிகிரி மட்டும் சாய்ந்திருந்தால், அது விழாமல் இருக்க மேல்கை கொடுக்க வேண்டிய விசை சுமார் 900 கிராம் எடைக்குச் சமம். 30 டிகிரி சாய்த்தால் அது 2.5 கிலோ. 45 டிகிரியில் 3.5 கிலோவைத் தாண்டிவிடுகிறது. நான் அன்று செம்பருத்திச் செடி நனையக்கூடாது என்று தள்ளி நின்று துடைத்தேன், சாய்வு 45 டிகிரிக்குக் குறைந்திருக்காது. அதாவது ஒன்றரை மணி நேரம் மூன்றரைக் கிலோவை ஒரு கையால், அதுவும் அசையாமல், தாங்கியிருக்கிறேன். செடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதே கணக்கில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. இரண்டு கைகளுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விடுகிறோம் என்பது. துடைப்பத்தைப் பிடிக்கிற மாதிரி கைகளை நெருக்கி, 30 செ.மீ. இடைவெளியில் பிடித்தால், 30 டிகிரி சாய்வில் மேல்கைக்கு வரும் சுமை 2.5 கிலோவிலிருந்து 5 கிலோவாகிறது, அப்படியே இரட்டிப்பு. கைகளை அகட்டிப் பிடிப்பதற்குக் காசு செலவில்லை, பயிற்சியும் வேண்டாம், ஆனாலும் முதல்முறை கம்பு பிடிக்கிற பெரும்பாலானவர்கள் நெருக்கித்தான் பிடிக்கிறார்கள், நெருக்கிப் பிடித்தால் கட்டுப்பாடு அதிகம் என்று ஒரு நினைப்பு.

வைப்பரோ பிரஷ்ஷோ கண்ணாடியில் சாய்ந்திருக்கும்போது சுமையில் ஒரு பங்கைக் கண்ணாடியே வாங்கிக்கொள்ளும் என்பதையும் சொல்ல வேண்டும். கண்ணாடியை விட்டு எடுத்த நொடியில்தான் முழுச் சுமையும் கைக்கு வருகிறது. ஆகவே ஒவ்வொரு இழுப்புக்கும் தலைப்பகுதியைத் தூக்கித் தூக்கி வைக்காமல், கண்ணாடியிலேயே ஒட்டியபடி மேலும் கீழும் நகர்த்தினால் பாதி வேலை மிச்சம். ஒரு கண்ணாடி முடிந்து அடுத்ததுக்குப் போகும்போது கம்பைச் சாய்த்தபடியே தூக்கிக்கொண்டு நடக்காதீர்கள், நேராக நிமிர்த்தி, உடம்போடு அணைத்துக்கொண்டு நகருங்கள். தூரமாகப் போக வேண்டுமானால் சுருக்கிவிடுங்கள்.

அப்படியானால் சுவரை ஒட்டி நின்று, கம்பைச் செங்குத்தாக வைத்தே துடைத்துவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, அடுத்த முறை அப்படியே செய்தேன். இந்த முறை தோள் தப்பித்தது, கழுத்து மாட்டிக்கொண்டது. நம் தலை நாலரை, ஐந்து கிலோ இருக்கும். நிமிர்ந்து நிற்கும்போது முதுகெலும்பின் மேல் அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறது. அண்ணாந்து பார்க்கும்போது பின்னால் சரிகிறது, கழுத்தின் பின்பக்க எலும்பு இணைப்புகள் ஒன்றோடொன்று நெருக்குகின்றன. நாலு மீட்டர் உயரத்தில் இருக்கும் நுனியைச் சுவரிலிருந்து அரை மீட்டரில் நின்று பார்த்தால் பார்வை ஏறக்குறைய 80 டிகிரி மேலே போக வேண்டும், கோயில் கோபுரத்து உச்சியை அடிவாசலில் நின்று பார்க்கிற மாதிரி. ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் 60 டிகிரிதான், கழுத்துக்குச் சுகம், ஆனால் கம்பு 27 டிகிரி சாய்ந்துவிடுகிறது.

கழுத்துக்கு நல்லது தோளுக்குக் கெட்டது, தோளுக்கு நல்லது கழுத்துக்குக் கெட்டது. எங்கே நிற்பது? இந்த உயரத்துக்கு நான் ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளி நிற்கிறேன், சாய்வு 20 டிகிரிக்குள் அடங்குகிறது. கழுத்துக்கு வேறு வழி இருக்கிறது: நுனியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. ஒருமுறை பார்த்து இடத்தைக் குறித்துக்கொண்டால் நாலைந்து இழுப்பை முகத்தை இறக்கி வைத்துக்கொண்டே இழுக்கலாம், கம்பு கையில் சொல்லும், ரப்பர் கண்ணாடியில் ஓடும் சத்தமும் சொல்லும். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கக் கம்பைத் தரையில் ஊன்றிவிட்டு நாலடி பின்னால் வந்து பாருங்கள். தூரத்திலிருந்து பார்த்தால்தான் கோடுகளும் தெரியும்.

சரி, தோளுக்குள் என்ன நடக்கிறது? தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் இருக்கும் எலும்பின் உச்சி, தோள்மூட்டில் ஓர் ஆழமில்லாத குழியில் உட்கார்ந்திருக்கிறது. அதை அங்கேயே நிறுத்தி வைப்பது சுற்றியுள்ள நாலு சின்னத் தசைகளும் அவற்றின் தசைநார்களும், ரொட்டேட்டர் கஃப் என்பார்கள். இதில் மேலே இருக்கும் தசைநார், தோளின் உச்சி எலும்புக்குக் கீழே ஒரு குறுகலான சந்து வழியாகப் போகிறது. கை தொங்கும்போது சந்தில் இடம் இருக்கிறது. கையைத் தோள் உயரத்துக்கு மேலே தூக்கும்போது இடம் குறைகிறது. தூக்கிய நிலையிலேயே ஆயிரம் தடவை முன்னும் பின்னும் அசைத்தால் அந்தத் தசைநார் எரிச்சலடைந்து வீங்குகிறது, வீங்கினால் சந்து இன்னும் குறுகல். ஒட்டடை அடித்த மறுநாள் கை தூக்கும்போது ஒரு குறிப்பிட்ட உயரத்தில் மட்டும் சுரீர் என்று பிடித்து, அதைத் தாண்டினால் விட்டுவிடுகிறதே, அது பெரும்பாலும் இந்த வகைதான்.

இதனால் வருகிற விதி ஒன்றுதான், ஆனால் இதைவிட முக்கியமானது இந்தக் கட்டுரையில் வேறு இல்லை: மேல்கை தோள் உயரத்தைத் தாண்டக்கூடாது. கை எட்டாவிட்டால் கையைத் தூக்காதீர்கள், கம்பை நீட்டுங்கள். கம்பை இன்னும் ஒரு சாண் இழுத்துவிடச் சோம்பல்பட்டுக்கொண்டு, நுனிக்காலில் எம்பி, கையைத் தலைக்கு மேலே தூக்கித் துடைக்கிறோமே, அந்தச் சோம்பலுக்குத்தான் மறுநாள் வலி. கம்பை மறுபடி சுருக்க மறப்பதும் அதே கணக்குதான், கீழ்ப்பகுதியைத் துடைக்கும்போது கம்பு மிச்சமாகி முழங்கை பின்னால் தள்ளப்படும்.

எரிச்சல் வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தசை சுருங்கி விரிந்து வேலை செய்யும்போது ரத்தம் உள்ளே வந்து போய்க்கொண்டிருக்கும். சுருங்கிய நிலையிலேயே நிறுத்தி வைத்தால் உள்ளே இருக்கும் ரத்தக் குழாய்கள் அமுங்கிப்போகும், வரத்தும் குறைவு, கழிவு வெளியேறுவதும் குறைவு. நடந்தால் கால் வலிக்காத தூரத்துக்கு, ரேஷன் கடை வரிசையில் நின்றால் வலிக்கிறது இல்லையா, அதுதான். கம்பு வேலையில் கை அசைகிற மாதிரி தெரிந்தாலும் தோள் அநேகமாக வரிசையில்தான் நிற்கிறது.

அதனால் இழுப்பைக் காலிலிருந்து எடுக்க வேண்டும். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, முழங்கால் லேசாக மடங்கியிருக்க, எடையை முன்காலுக்கு மாற்றும்போது கம்பு மேலே போகிறது, பின்காலுக்கு மாற்றும்போது இறங்குகிறது. கைகள் அதிகம் மடங்கி நீள வேண்டியதில்லை, கம்பை உடம்போடு சேர்த்துக் கட்டிவிட்ட மாதிரி வைத்துக்கொண்டு உடம்பையே ஆட்டுவது. கீழ்க்கை தள்ளும், மேல்கை வழிகாட்டும். கண்ணாடியின் அடுத்த பட்டைக்கு இடுப்பைத் திருகிச் சாயாமல் ஓர் அடி பக்கவாட்டில் எடுத்து வையுங்கள். முதுகை வளைத்து, அதே நேரத்தில் திருகவும் செய்வதுதான் கீழ்முதுகுக்கு ஆகாத சேர்க்கை. முதலில் இது கொஞ்சம் நாட்டியம் மாதிரி இருக்கும், பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

வலது கைக்காரர்கள் வலது கையை மேலே வைத்தே ஒன்றரை மணி நேரத்தையும் ஓட்டுவோம். ஒரு கண்ணாடிக்கு வலது கை மேலே என்றால் அடுத்ததற்கு இடது கை மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் இடது கை சொன்னபடி கேட்காது, கோடு விழும். நான் சமையலறைச் சின்ன ஜன்னலில் பழகிவிட்டுப் பெரியதுக்கு வந்தேன்.

பிடி. நழுவிவிடுமோ என்ற பயத்தில் முஷ்டியை இறுக்குகிறோம். விரலை மடக்கி இறுக்கும்போது மணிக்கட்டை நேராக நிறுத்தி வைக்க முன்கையின் வெளிப்பக்கத் தசைகளும் சேர்ந்து இறுகுகின்றன, அவை முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முனையில் போய் ஒட்டியிருக்கின்றன. அங்கே வரும் வலிக்குத்தான் டென்னிஸ் எல்போ என்று பெயர், டென்னிஸ் மட்டையைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் வரும். பிடி தடிமன் 3 முதல் 5 செ.மீ. வரை இருந்தால் கை அதிகம் இறுக்காமலே பிடித்துக்கொள்ளும். கடையில் கிடைக்கும் மலிவான கம்புகள் இரண்டு செ.மீ. கூட இருப்பதில்லை. பழைய சைக்கிள் டியூபை நறுக்கி இரண்டு கை வைக்கும் இடங்களிலும் சுற்றிவிட்டேன், தடிமனும் ஆயிற்று, ஈரத்தில் வழுக்குவதும் நின்றது. தடித்த ரப்பர் கையுறை போட்டால் கம்பு கையில் சரியாக உறைக்காது, அதனால் இன்னும் இறுக்குவோம், மெல்லிய கையுறை போதும்.

அழுத்தித் தேய்ப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் தோளை வாங்குவதில் பாதிப் பங்கு தண்ணீருக்கு உண்டு. போர் தண்ணீர் தெறித்துக் காய்ந்த கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள் படியும், கால்சியமும் மக்னீசியமும் கலந்த உப்பு. அதைக் கம்பு நுனியால் அழுத்தித் தேய்த்தால் சுலபத்தில் போகாது. மூன்று மீட்டர் தூரத்திலிருந்து கொடுக்கிற அழுத்தத்தில் பெரும்பகுதி கம்பை வளைக்கத்தான் செலவாகிறது. எலுமிச்சை உப்போ வினிகரோ கலந்த தண்ணீரால் கண்ணாடியை மட்டும் நனைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, அப்புறம் லேசாகத் துடைத்தால் பெரும்பாலும் இறங்கிவிடும். பக்கத்தில் மார்பிள், கடப்பா என்று எது இருந்தாலும் அதில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கறை விழும். வெறும் தூசிக்கும் இதே கதைதான், முதலில் நன்றாக நனையட்டும். வெயில் கண்ணாடியில் நேராக அடிக்கும் நேரத்தில் ஆரம்பித்தால் நனைப்பதற்குள் காயும், காய்ந்தால் கோடு, கோடு விழுந்தால் மறுபடி ஒரு சுற்று. காலையில் நிழல் இருக்கும் பக்கத்தை முடித்துவிடுங்கள்.

கம்பு வாங்கப் போகிறவர்களுக்கு. பிரிட்டனில் ஜன்னல் துடைப்பது வீடு வீடாகப் போய்ச் செய்யும் தனித் தொழில், முன்பெல்லாம் ஏணிதான். உயரத்தில் வேலை செய்வதற்கான விதிகள் அங்கே 2005இல் வந்தன, ஏறாமல் முடிக்கக்கூடிய வேலைக்கு ஏறாதே என்பது அதன் முதல் படி. தரையில் நின்றபடியே, உள்ளே குழாய் ஓடும் நீளக் கம்பால் உப்பு நீக்கிய தண்ணீரைப் பீச்சிக் கழுவும் முறைக்கு அங்கே இன்று நல்ல செல்வாக்கு. அந்தத் தண்ணீரில் உப்பு இல்லாததால் துடைக்கவே வேண்டாம், காய்ந்தாலும் புள்ளி விழாது. ஏணியிலிருந்து விழும் பயம் போனது, பதிலுக்குத் தோளும் கழுத்தும் நாள் முழுக்கக் கம்பு தாங்க வேண்டியதாயிற்று, அதனால் தொழில் செய்கிறவர்கள் கார்பன் ஃபைபர் கம்புக்குக் காசைக் கொட்டுகிறார்கள். அலுமினியத்தின் அடர்த்தி 2.7 என்றால் அதன் அடர்த்தி சுமார் 1.6, தவிர விறைப்பும் அதிகம். விறைப்பு ஏன் முக்கியம் என்றால், தளதளவென்று ஆடும் கம்பின் நுனியைக் கட்டுப்படுத்த ஒவ்வொரு நொடியும் தோளும் முன்கையும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

வருஷத்துக்கு இரண்டு தடவை துடைக்கிற வீட்டுக்குக் கார்பன் கம்பு தேவையில்லை, அது என் அபிப்பிராயம். அந்தக் காசில் பாதிக்கு வேறு இரண்டு விஷயங்கள் பார்க்கலாம். ஒன்று, நுனியில் தலையைத் திருப்பி வைத்துக்கொள்ளும் மூட்டு இருக்கிறதா என்று. அது இருந்தால் கம்பு எந்தச் சாய்வில் இருந்தாலும் வைப்பர் கண்ணாடியில் முழுசாகப் படியும், இல்லாவிட்டால் அதைப் படிய வைக்க மணிக்கட்டை முறுக்குவோம். இன்னொன்று, தலைப்பகுதியின் எடை. கம்பின் அடியில் இருக்கும் கால் கிலோ ஒரு பொருட்டே இல்லை, நுனியில் இருக்கும் கால் கிலோதான் கை முழுக்கத் தெரியும். தண்ணீரைக் குடித்து ஊதிப்போகும் பஞ்சுத் தலையை ஒட்டப் பிழிந்துவிட்டு ஏற்றுங்கள். நீட்டும்போது மேலே இருக்கும் மெல்லிய துண்டுகளை முதலில் இழுத்தால், தடித்த துண்டுகளின் எடை கைக்குப் பக்கத்திலேயே இருந்துவிடும். அடித்துண்டைக் கழற்ற முடிகிற கம்பாக இருந்து, உயரமும் குறைவென்றால் கழற்றி வைத்துவிடுங்கள்.

தோள் சம்பந்தமில்லாத ஒரு விஷயம், ஆனால் சொல்லாமல் விட முடியாது. அலுமினியத்தில் மின்சாரம் பாயும், கார்பன் ஃபைபரிலும் பாயும், ஈரமான கம்பு எதுவானாலும் நம்பக்கூடாது. மாடி ஜன்னலுக்குப் பக்கத்தில் மின்கம்பி போகிறது என்றால் அந்த ஜன்னலை வெளியிலிருந்து துடைக்க வேண்டாம், அழுக்காகவே இருக்கட்டும். அப்புறம், கம்பு எட்டவில்லை என்று ஸ்டூல் மேல் ஏறி நின்று துடைப்பதும் வேண்டாம். அண்ணாந்து பார்க்கும்போது சமநிலை குறைவு, கையிலோ நீளமான சுமை.

எவ்வளவு நேரம் செய்யலாம்? பண்டிகைக்கு முந்தின ஒரே நாளில் வருஷத்துக் கணக்கை முடிப்பதுதான் பிரச்சினையின் வேர், பழக்கமில்லாத தசை அதைத் தாங்காது. நான் இப்போது பதினைந்து, இருபது நிமிடம் கம்பு, அப்புறம் கொஞ்ச நேரம் கீழ் ஜன்னல் கம்பிகளைத் துணியால் துடைப்பது, மறுபடி கம்பு என்று மாற்றி மாற்றிச் செய்கிறேன். நடுவில் அரை நிமிடம் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, கைகளைத் தொங்கவிட்டு உதறி, தோளைப் பின்னால் நாலு சுற்று சுற்றி, தாடையை மார்புப் பக்கம் இறக்கினாலே ரத்தம் ஓட ஆரம்பித்துவிடும். வலித்த பிறகு ஓய்வெடுப்பதைவிட வலிக்கும் முன்னால் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சம் நிறுத்துவது மேல். ஆரம்பிக்கும் முன் மாடிப்படி இரண்டு தடவை ஏறி இறங்கினால் உடம்பு சூடாகும், படிக்கட்டு ஜன்னல் என்பதால் எனக்கு அது தானாகவே நடந்துவிடுகிறது.

இவ்வளவு செய்தும் மறுநாள் வலிக்கலாம். தசை முழுக்கப் பரவலாக, தொட்டால் நோகிற, ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய் இறங்குகிற வலி வெறும் பழக்கமில்லாத வலி, வெந்நீர்க் குளியலும் மெதுவான அசைவும் போதும். ஒரே இடத்தில் குத்துகிற வலி, அந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் கலைகிற வலி, விரல்களில் மரத்துப்போதல், டம்ளர் கை நழுவுகிற அளவுக்குப் பலம் குறைதல் இவையெல்லாம் வேறு வகை. ஒரு வாரம் பார்த்தும் தோள் வலி குறையவில்லை என்றால் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டுங்கள், மரத்துப்போவதும் பலம் குறைவதும் இருந்தால் அந்த ஒரு வாரமும் காத்திருக்க வேண்டாம். நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்து இடது கை வலித்தால் அதைக் கம்பு மேல் பழிபோட்டுக்கொண்டு தைலம் தேய்க்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒன்று கூடுதலாக. தோள் இறுகிப்போகும் நோய், ஃப்ரோசன் ஷோல்டர் என்கிறார்களே, அது அவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. வலிக்கிறதே என்று பயந்து கையை அசைக்காமல் வாரக்கணக்கில் மடியில் போட்டு வைத்தால் மூட்டு இன்னும் இறுகும். தோளில் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தால் தாமதிக்காமல் போய்க் காட்டிவிட்டு, எவ்வளவு தூரம் கையை அசைக்கலாம் என்று அங்கேயே கேட்டுக்கொண்டு வாருங்கள்.